மிகுதிச் சேவல்களை என்ன செய்வது?

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

கோழி வளர்க்கும் குடியானவர் அடை வைக்கும்போது பெட்டைக் குஞ்சுகளையே மனத்தில் எண்ணுகிறார். பன்னிரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டு பெட்டை, ஒவ்வொரு பெட்டையும் இத்தனை முட்டை, அம்முட்டைகளிலிருந்து மீண்டும் இத்தனை குஞ்சு என்று அவருடைய கணக்கு பெருகிக்கொண்டே செல்கிறது. ஆனால் குஞ்சுகள் வளர்ந்து கொண்டை சிவக்கும் காலத்தில் பார்த்தால், அவற்றுள் ஏறக்குறையப் பாதி சேவல்களாயிருக்கின்றன. பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமாயிருக்க, பெட்டைக்கு ஒன்றாகச் சேவல்கள் வந்து நிற்கின்றன. இவற்றை என்ன செய்வது என்னும் கேள்வி அப்பொழுதுதான் எழுகிறது. அக்கேள்வி எழவேண்டிய காலம் அதுவன்று. அடை வைப்பதற்கு முந்திய நாளே என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நஷ்டத்தில் கற்ற பாடம்

இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதியை நான் நஷ்டத்தின் மூலமாகவே பெற்றேன். டிப்ளொமாப் படிப்பு முடிந்து உத்தியோகத்தில் அமர்ந்த இரண்டாம் வருஷம், வீட்டுக் கொல்லையில் இரண்டு அடைக்கோழிகளைக் கொண்டு குஞ்சு பொரிக்கச் செய்தேன். பருந்துக்கும் கீரிக்கும் தப்பி வளர்ந்தவை பதினைந்து. அவற்றுள் ஒன்பது சேவல், ஆறு பெட்டை. நன்றாக வளர்ந்த சேவல்களாதலால் விற்க மனம் வரவில்லை. "இன்னும் சற்று எடை கூடட்டும்" என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினேன்.

ஆறாம் மாதத்தில் விளைவு தெரிந்தது. பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து தோல் கிழிந்தது. ஒரு பெட்டை சேவல்களுக்கு அஞ்சிக் குதிருக்கு அடியிலேயே பதுங்கிக் கிடந்து, இரை எடுக்க வெளியே வராமல் மெலிந்து இறந்தது. இரண்டு சேவல்கள் தம்முள் பொருது, ஒன்றுக்குக் கண் போயிற்று. பக்கத்துக் கொல்லையிலிருந்த கத்தரி நாற்றுப் பாத்தியைச் சேவல்கள் கிளறிவிட்டதால் அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலும் உண்டாயிற்று. இறுதியில் விற்றுவிடத் தீர்மானித்தபொழுது புரட்டாசி மாதம் பிறந்துவிட்டது. பல குடும்பங்கள் மாமிசம் ஒழிக்கும் மாதமாதலால், வியாபாரி ஆடி மாதத்து விலையில் பாதிதான் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த தெருவில் ஒரு மூதாட்டியார் இருந்தார். படிப்பு வாசனை இல்லாதவர்; ஆயினும் ஐம்பது வருஷம் கோழி வளர்த்தவர். என் கதையைக் கேட்டுச் சிரித்து, "தம்பி, நான் முட்டையை அடையில் வைக்கும்போதே சேவலுக்கு வழி சொல்லி வைத்துவிடுவேன். ஒன்று பொலிக்கு, ஒன்று குலதெய்வத்துக்கு, ஒன்று மகள் பிள்ளை பெற்று வந்தால் சாறு வைக்க, மீதி ஆடிச் சந்தைக்கு. நீ குஞ்சை எண்ணினாய், வழியை எண்ணவில்லை" என்றார். கல்லூரியில் நான் எழுதிக்கொண்ட குறிப்புகளில் இவ்வளவு பயனுள்ள வாக்கியம் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பாதி சேவலாவது ஏன்?

முட்டையின் கூர்மையைக் கொண்டு சேவல் முட்டை, பெட்டை முட்டை என்று பிரிப்பது நம் கிராமங்களில் வழக்கம். நீண்டு கூராயிருந்தால் சேவல், உருண்டிருந்தால் பெட்டை என்பர். நூலில் மோதிரம் கட்டி முட்டைமேல் ஆட்டிப் பார்ப்பவரும் உண்டு. இவை இரண்டிலும் உண்மை இல்லை. முட்டையின் வடிவு, அதனை இட்ட பெட்டையின் உடலமைப்பைப் பொறுத்தது. உள்ளிருக்கும் கருவின் பாலைப் பொறுத்ததன்று.

மக்களிலும் மாட்டிலும் பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையின் வித்தினால் அமைகிறது. பறவைகளிலோ அது தாயினால் அமைகிறது. பெட்டையின் கருவணு இருவகைப்படும். ஒருவகையிலிருந்து சேவலும் மற்றொரு வகையிலிருந்து பெட்டையும் உண்டாகும். முட்டை ஓடு பூணுவதற்கு முன்னரே இது முடிந்துபோகிறது. ஆகையால் சேவலை மாற்றுவதாலோ, அடை வைக்கும் திசையாலோ, நாளாலோ, பொரிப்பு இயந்திரத்தின் சூட்டைக் கூட்டிக் குறைப்பதாலோ பெட்டைகளின் தொகையை அதிகப்படுத்த முடியாது.

பாதிக்குப் பாதி என்பதும் பெருந்தொகைக்கே பொருந்தும். நாணயத்தைப் பன்னிரண்டு தடவை சுண்டினால் ஒவ்வொரு முறையும் ஆறு பூ, ஆறு தலை விழுவதில்லை. அவ்வாறே பன்னிரண்டு குஞ்சுகளில் சரியாக ஆறு சேவல் அமைவது நூற்றுக்கு 23 முறைதான். எட்டோ அதற்கு மேலோ சேவலாக அமைவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை நேரும். எனவே ஒரே ஓர் அடை வைப்பவர், பாதிக்கு மேலும் சேவல் வரக்கூடும் என்று எதிர்பார்த்தே திட்டம் செய்தல் வேண்டும். அதிகச் சேவல் வந்த வீட்டில் கோழியின் மேல் குற்றமும் இல்லை. முட்டை கொடுத்தவர் மேல் குற்றமும் இல்லை.

முன்னரே பிரித்தறியும் வழிகள்

ஒருநாள் குஞ்சின் குதத்தைப் பிதுக்கி உள்ளிருக்கும் சிறு முடிச்சைக் கண்டு பால் அறியும் முறையை 1920-களில் ஜப்பானிய அறிஞர்கள் மாசுயி, ஹாஷிமோட்டோ ஆகியோர் விளக்கினர். அவர்களது நூல் 1933-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தேர்ந்தவர்கள் நூற்றுக்கு 95-க்கு மேல் சரியாகச் சொல்வர். பழகாதவர் முயன்றால் குஞ்சுக்குத் தீங்கு நேரும்; வீட்டில் இது வேண்டாம்.

நிறத்தால் அறிவதும் உண்டு. ரோட் ஐலண்ட் ரெட் சேவலைப் பார்டு பிளிமத் ராக் பெட்டையுடன் சேர்த்தால், பிறக்கும் கருங்குஞ்சுகளில் தலைமேல் வெண்புள்ளி உள்ளது சேவல். புள்ளி இல்லாதது பெட்டை. ஜாதியை மாற்றிச் சேர்த்தால் இவ்வடையாளம் கிட்டாது. பலநிறக் கலப்பான நம் நாட்டுக்கோழிக்கும் இம்முறை பொருந்தாது.

நாட்டுக் குஞ்சுகளில் ஆறு முதல் எட்டு வாரங்களில் சேவலின் கொண்டையும் தாடியும் முந்திப் பருத்துச் சிவக்கும், கால் தடிக்கும். பத்துப் பன்னிரண்டு வாரங்களில் கழுத்திலும் இடுப்பிலும் கூர்நுனி இறகுகள் தோன்றும். பெட்டையின் இறகு நுனி வட்டமாயிருக்கும். இதற்குமேல் ஐயம் கொள்ள இடமில்லை. கூவும் வரை காத்திருப்பவர் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்.

நாட்டுச்சேவல் வேறு, முட்டை ஜாதிச் சேவல் வேறு

இவ்விடத்தில் ஒரு வேற்றுமையை நன்கு அறிதல் வேண்டும். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டை ஜாதிகளில் சேவல் குஞ்சு முட்டையும் இடாது. இரைக்குத் தக்க மாமிசமும் வைக்காது. ஆகையால் பெரிய பொரிப்பகங்கள் அவற்றைப் பிறந்த நாளிலேயே ஒழித்து வந்தன. இது கொடுமை என்னும் எண்ணம் வலுத்து, ஜெர்மனி 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதனைத் தடை செய்தது; பிரான்ஸ் 2023-ல் தடையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. அந்நாடுகளில், முட்டைக்குள்ளேயே பாலை அறிந்து சேவல் முட்டைகளை நீக்கும் இயந்திரங்கள் உபயோகத்துக்கு வந்துள்ளன.

நம் ஊர்த் திருவிழாக்களிலும் தெருக்களிலும் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் தோய்த்து மலிவாக விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் இவ்வகை முட்டை ஜாதிச் சேவல்களே. முட்டையிடும் என்று நம்பி இவற்றை வாங்குவோர் ஏமாறுவர். அவற்றுடன் நோயையும் வீட்டுக்குக் கொண்டுவருவர்.

நாட்டுச்சேவலின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் மாமிசத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. எனவே நாட்டுக்கோழி வளர்ப்பவருக்குச் சேவல் பிறப்பது நஷ்டமன்று. பிறந்த சேவலைப் பற்றி முடிவு செய்யாதிருப்பதே நஷ்டம்.

அடை வைக்கும் நாளில் செய்யவேண்டிய கணக்கு

ஒரு நாட்டுப்பெட்டை பத்து முதல் பன்னிரண்டு முட்டைகளையே நன்கு மூடிக் காக்கும். பன்னிரண்டு வைத்ததில் பத்துப் பொரித்து, இரண்டு மாதத்தில் எட்டு மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு சேவல் என்று கொண்டு, ஆறு வரினும் இடம் இருக்குமாறு வழி செய்க. கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே முட்டையை அடையில் வைக்கவேண்டும்.

முதலாவது, பொலிசேவல் தேவையா? பத்துப் பெட்டைகளுக்கு ஒன்று போதும். துணைக்கு ஒன்று வைப்பது நலம். ஆனால் நம் வீட்டில் பிறந்த சேவலையே நம் பெட்டைகளுக்கு விடுவது, அண்ணன் தங்கையைக் கலப்பதாகும். சில தலைமுறைகளில் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சுகள் வலுவிழக்கும். நமது நல்ல சேவல் ஒன்றை அயலூர் நண்பரிடம் கொடுத்து, அவரது சேவலைப் பெற்றுக்கொள்வதே முறை. இதனால் இருவருடைய மிகுதியிலும் ஒவ்வொன்று குறைகிறது. இருவருடைய மந்தையும் சீர்படுகிறது. புதுச் சேவல் வந்தபின் இரண்டு மூன்று வாரம் கழித்து இடப்படும் முட்டைகளையே அதன் சந்ததி என்று அடைக்கு எடுக்கவேண்டும். ஏனெனில் பழைய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கியிருப்பதுண்டு.

இரண்டாவது, விற்கும் மாதம் எது? மேய்ந்து வளரும் நாட்டுச்சேவல் ஐந்தாறு மாதங்களில் விற்பனைக்குத் தக்க எடை அடைகிறது. பின்னர் உண்பது குறையாது. எடை ஏறுவது குறையும். ஆடியில் அம்மன் கோயில் விழாக்களும், ஐப்பசியில் தீபாவளியும், தை மாதத்தில் கரிநாளும் சேவலுக்கு விலை தருவன. புரட்டாசியிலும், விரதமிருப்போர் மிகுந்த கார்த்திகை, மார்கழியிலும் விலை தாழும். எனவே மார்கழிக் கடைசியில் அடை வைத்தால் தை நடுவில் குஞ்சு வெளிவந்து ஆடியில் சேவல் தயாராகும். ஆனிக் கடைசியில் வைத்தால் ஆடி நடுவில் குஞ்சு. தைக் கரிநாளுக்குச் சேவல். "தைக் குஞ்சு ஆடிக்கு, ஆடிக் குஞ்சு தைக்கு" என்று நினைவில் கொள்க. கடுங்கோடையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு வெப்பமும் நோயும் பகை. சித்திரை, வைகாசி அடையைக் குறைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, தனியே அடைக்க இடம் உண்டா? பத்துப் பன்னிரண்டு வாரங்களில் சேவல்களைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். ஒன்றாக வளர்ந்த சேவல்கள் பெட்டைகள் கண்ணில் படாதவரை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். இடையில் புதிதாக ஒன்றை நுழைத்தால் சண்டை மூளும். பஞ்சாரத்தில் நெருக்கி அடைத்து வைப்பது பிரித்து வளர்ப்பதாகாது. நிழலும் நீரும் நடமாட இடமும் வேண்டும்.

நான்காவது, இரைக்குத் தானியம் உண்டா? வளர்ந்த சேவலை அடைத்து வைத்துத் தீனியிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தின்னும். நான்கு சேவல்களுக்கு மாதம் 12 கிலோ ஆகிறது. கம்பு, சோளம், குருணை எதுவாயினும் அந்த 12 கிலோவின் விலையையும், அம்மாதத்தில் கூடும் எடையின் விலையையும் அருகருகே எழுதிப் பார்த்தால், எந்த வாரத்தில் விற்கவேண்டும் என்பது எவர் சொல்லாமலும் விளங்கும்.

இவ்வினாக்களுக்கு விடை இல்லையெனில் அடை வைக்காதிருப்பதே அறிவு. முட்டைக்காக மட்டும் கோழி வேண்டுவோர், பால் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்று மாதப் பெட்டைகளை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

முட்டை விற்பவருக்குச் சேவல் வேண்டுவதில்லை

சேவல் இல்லாவிடில் பெட்டை முட்டையிடாது என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். இது பிழை. சேவல் இல்லாமலே பெட்டை முறைப்படி முட்டையிடும். அது பொரிக்காது, அவ்வளவே. உணவுக்கு விற்பதற்கு அத்தகைய கருவற்ற முட்டையே சிறந்தது. கருவுள்ள முட்டை சுமார் 21 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உள்ளுக்குள் வளரத் தொடங்கிவிடும். நம் நாட்டில் வீட்டு நிழலே வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அதற்கு மேல் இருக்கிறது. சந்தைக்குப் போவதற்குள் கரு வளர்ந்து செத்து முட்டை கெடுவது இதனாலேயே. கருவற்ற முட்டைக்கு இத்தீங்கு இல்லை.

முட்டையின் தரத்தைக் காத்தால் கிராமத்தாருக்கு விலை கிட்டும் என்பது புதிய செய்தியன்று. 1920-களில் மார்த்தாண்டம் கிராமப் புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் நல்ல ஜாதிக் கோழிகளைப் பரப்பியதோடு நில்லாது, முட்டை விற்பனைக்கென்றே கிராமத்தாரின் சங்கம் ஒன்றை அமைத்துக் காட்டினார். இன்றும் ஒரு தெருவில் ஐந்தாறு வீட்டார் கூடி, ஒருவர் மட்டும் பொலிசேவல் வைத்து அடைமுட்டை கொடுப்பது, ஏனையோர் சேவலின்றி உண்ணும் முட்டை விற்பது என்று ஏற்பாடு செய்துகொண்டால், மிகுதிச் சேவல் பிரச்சினையில் பெரும்பங்கு தானே தீரும். சேவலை நீக்கிய மூன்று வாரத்துக்குப் பின் இடும் முட்டைகளைக் கருவற்றவை என்று கொள்ளலாம்.

செய்யத்தகாதவை

விற்க முடியாத சேவலைக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடுவோர் உண்டு. நேர்த்திக்கடன் வேறு; கை கழுவுதல் வேறு. காப்பாரின்றித் திரியும் சேவல்கள் ஒன்றையொன்று கொத்தியும் நாய்க்கு இரையாகியும் மடிகின்றன.

சண்டைக்கு விற்பதும் தகாது. பறவைகளை வேடிக்கைக்காகச் சண்டையிடத் தூண்டுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். பந்தயப் பணத்தால் கிராமத்தில் விளையும் பகையைக் கிராம அதிகாரிகள் நன்கறிவர்.

காயடித்துக் கொழுக்க வைக்கலாம் என்று சிலர் கேட்கின்றனர். சேவலின் விதை வயிற்றினுள் முதுகெலும்பை ஒட்டி அமைந்துள்ளது. கிடாவுக்குச் செய்வது போலன்று. உடலைக் கீறிச் செய்யவேண்டிய சஸ்திர சிகிச்சை அது. கைப்பழக்கமில்லாதவர் செய்தால் பறவை துடித்து இறக்கும். ஆறு மாதத்தில் விற்கப்போகும் நாட்டுச்சேவலுக்கு அது தேவையும் இல்லை.

வீட்டு உபயோகத்துக்கு அறுப்பவர் முதல்நாள் இரவு இரையை நிறுத்தி, நீர் மட்டும் வைத்து, மற்றக் கோழிகள் காணாதவாறு, கூரிய கத்தியால் விரைவில் முடிக்கவேண்டும். காலைக் கட்டி சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவது கொடுமை மட்டுமன்று. அடிபட்டு இரத்தம் கன்றிய மாமிசத்தின் விலையும் குறையும். காற்றோட்டமான கூடையில் கொண்டு செல்க.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

1927-ல் குமாயூன் மலைநாட்டு ராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயர் பெற்ற வெள்ளைக்கழிச்சல் நோய், நாட்டுக்கோழிக்குக் கொள்ளைநோயாகும். ஒரு தெருவில் கோழிகள் சாகத் தொடங்கியதும், எஞ்சிய சேவல்களையெல்லாம் அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு வீட்டின் நஷ்டம் இவ்வாறே பத்துக் கிராமங்களின் நஷ்டமாகிறது. முடிவு செய்யாது தேக்கி வைத்த மிகுதிச் சேவல்களே இவ்வாறு வெளியேறுபவற்றில் பெரும்பாலானவை. கோழிச் சாவு செவிக்கு எட்டியவுடன் அதிகாரிகள் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிப்பதோடு, அத்தெருவிலிருந்து கோழி வெளியே போகாதபடி அறிவுறுத்தவும் வேண்டும்.

ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் போடும் ஊசியும் இந்நோயைத் தடுக்கும். விற்கப்போகும் சேவல்தானே என்று அதற்கு மட்டும் ஊசியை விட்டுவிடுவோர் உண்டு. நோய்க்குச் சேவல், பெட்டை என்னும் பேதம் இல்லை. ஊசி போடாத ஒரு சேவலே மந்தை முழுமைக்கும் வாசலைத் திறந்துவிடும்.

முடிவுரை

குடியானவப் பெருமக்களே! விதைப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வரும், விளைந்தது எங்கே போகும் என்று எண்ணாதவர் நம்முள் எவரும் இல்லை. அடையில் வைக்கும் முட்டையும் விதையே. அதில் பாதி சேவலாக விளையும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. அடை வைக்கும் நாளில் கொட்டில் சுவரில் கரியால் மூன்று குறிப்பு எழுதுங்கள்: பொரிக்கும் தேதி, சேவல்களைப் பிரிக்கும் வாரம், விற்கும் மாதம். பொலிக்கு எது, வீட்டுக்கு எது, சந்தைக்கு எது என்பதையும் அதனடியில் குறித்துவிடுங்கள். கூவும் சத்தம் கேட்ட பிறகு யோசிக்க வேண்டியது எதுவும் மிஞ்சியிராது. அந்த மூதாட்டியார் எழுத்தறியாதவர். சுவரில் குறிப்பு எழுதியதில்லை. ஆனால் அவர் வீட்டுக் கொல்லையில் வழி தெரியாமல் நின்ற சேவல் ஒன்றை நான் கண்டதும் இல்லை.